பீரியட்ஸ் நின்றுவிட்டால் ஓட்டத்தை விட வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 21 வயது. கல்லூரி விடுதியில் தங்கி 5,000, 10,000 மீட்டர் ஓடுகிறார். வாரத்துக்கு 80 கிலோமீட்டர் பயிற்சி. ஒரு வருஷத்தில் எடை 52 கிலோவிலிருந்து 47க்கு இறங்கியிருக்கிறது. ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. கோச், "நல்லா ட்ரெயின் பண்ற பொண்ணுங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும், பயப்படாதே" என்கிறார். அம்மா, "ஓடினது போதும், நாளைக்குக் குழந்தை பிறக்கலேன்னா யாருடி பதில் சொல்றது" என்கிறார். நடுவில் ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்து, பிசிஓஎஸ் (சினைப்பை "நீர்க்கட்டி" என்று பலர் சொல்வது) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்று நாள் ரத்தம் பட்டு மறுபடி நின்றுவிட்டது. கடைசி வரியில், போகிற போக்கில், "இடது கால் முன்னெலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது, அது பழகிப்போச்சு" என்றும் எழுதியிருக்கிறார். கோச் சொல்வது சரியா, அம்மா சொல்வது சரியா என்பது எழுதியிருக்கும் கேள்வி. ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கால் வலியைப் பார்க்கும்வரை நாளைக் காலை ஓடப் போகாதீர்கள். நான் பல வருஷமாக மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். விளையாட்டு வீராங்கனைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பீரியட்ஸ் நின்றிருக்கும் ஓட்டக்காரி ஒருவர் விரலை வைத்து "இங்கேதான்" என்று எலும்பில் ஒரு புள்ளியைக் காட்டினால், அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முன்னெலும்பு நெடுக, பரவலாக, ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைகிற வலி வேறு. ஒரே இடத்தில், அழுத்தினால் துள்ளவைக்கிற, ஓட ஓடக் கூடுகிற வலி வேறு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நம்பி ஓடிவிடக் கூடாது, எம்ஆர்ஐ தேவைப்படலாம். இதே வலி இடுப்பும் தொடையும் சேரும் கவட்டைப் பக்கம் வந்தால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்து அது முழுதாக உடைந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

இனி பீரியட்ஸ் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது. மாதச் சுழற்சியின் முற்பகுதியில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்கிறது, பிட்யூட்டரியைக் கேட்டுச் சினைப்பை வேலை செய்கிறது. உடம்புக்குள் வரும் சக்தி போதவில்லை என்றால் இந்தத் துடிப்பு மெதுவாகிறது. துடிப்பு மெதுவானால் சினைமுட்டை முதிராது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், பீரியட்ஸ் நிற்கும். வருமானம் குறைந்த வீட்டில் அரிசி பருப்புக்கு நிறுத்தாமல் விசேஷச் செலவைத்தானே முதலில் நிறுத்துவார்கள், உடம்பும் அப்படித்தான் செய்கிறது. இதயமும் மூளையும் நடக்க வேண்டும். பிள்ளை பெறும் ஏற்பாடு கொஞ்ச நாள் காத்திருக்கலாம் என்று தள்ளிவைக்கிறது. கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ இதில் பழுது எதுவும் இல்லை. மேலிருந்து வரும் உத்தரவுதான் நின்றிருக்கிறது.

முன்பு இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். உடம்பில் இத்தனை சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் பீரியட்ஸ் வரும் என்று 1974இல் ரோஸ் ஃபிரிஷும் ஜேனட் மெக்கார்தரும் எழுதினார்கள்; தொடங்குவதற்கு 17 சதவீதம், தொடர்ந்து வருவதற்கு 22 சதவீதம் என்று அந்தக் கணக்கு. ஒல்லியான ஓட்டக்காரிகள் பலருக்கு மாதாமாதம் ஒழுங்காக வருவதையும், அவ்வளவு ஒல்லியில்லாத சிலருக்கு நிற்பதையும் அதனால் விளக்க முடியவில்லை. பிறகு அமெரிக்காவில் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லௌக்ஸ் செய்த சோதனைகள்தான் விஷயத்தைத் தெளிவாக்கின. பெண்களைப் பயிற்சி செய்ய வைத்தார்கள், ஆனால் செலவான சக்திக்கு ஈடாகச் சாப்பாடு கொடுத்தார்கள். ஹார்மோன் துடிப்பு பெரிதாகக் கெடவில்லை. சாப்பாட்டைக் குறைத்தார்கள், ஐந்தே நாளில் துடிப்பு தடுமாறியது. ஐந்து நாளில் யாருக்கும் கொழுப்பு சொல்லும்படி குறைந்திருக்காது. உங்கள் அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: ஓடுவதால் வரும் களைப்பு காரணம் இல்லை, ஓடியதற்கு ஈடாகச் சாப்பிடாததுதான் காரணம்.

அந்த ஆய்வுகளிலிருந்து ஒரு கணக்கு வந்தது. ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை, உடம்பில் கொழுப்பு நீங்கலான எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 45 வந்தால் தாராளம். 30க்குக் கீழே போனால் ஆபத்து. நீங்கள் எழுதிய சாப்பாட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு ஒரு டீயோடு மைதானம். ஒன்பதரைக்கு நான்கு இட்லி, சாம்பார். மதியம் விடுதியில் "கொஞ்சமா" சாதம், பொரியல், மோர். சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ராத்திரி இரண்டு சப்பாத்தி, குருமா. சாதம் கிடையாது, எடை போட்டுவிடும் என்று. தாராளமாக மதிப்பிட்டாலும் 1,350 கலோரிக்கு மேல் வராது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். நாளுக்குச் சராசரி பதினொன்றரை கிலோமீட்டர் என்றால் 540 கலோரி ஓட்டத்துக்கே போய்விடுகிறது. மீதி 810. கொழுப்பு நீங்கலான எடையை 39 கிலோ என்று வைத்தால் கிலோவுக்கு 21 கூட வரவில்லை. 45 வர வேண்டுமானால் நீங்கள் 2,300 கலோரி அளவுக்குச் சாப்பிட வேண்டும். குறைவது ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் அளவு இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வேளைச் சாப்பாடு. நீங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். பக்கத்து அறைப் பெண்ணும் அதே அளவுதான் சாப்பிடுகிறாள், அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றுதான் தோன்றும். அவள் பதினொன்றரை கிலோமீட்டர் ஓடுவதில்லை.

உங்களுக்கு எடை குறைந்தது, அதனால் சந்தேகமாவது வந்தது. சிலருக்கு எடை அப்படியே இருக்கும். உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் முள் நகராது. ஆனால் கை கால் சில்லிடும், மலச்சிக்கல் வரும், தூக்கம் கெடும், நாடித்துடிப்பு மிகவும் குறையும், சின்னக் காயம் ஆற நாளாகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். நாடித்துடிப்பு குறைந்தால் ஃபிட்னஸ் கூடிவிட்டது என்று மைதானத்தில் சந்தோஷப்படுவார்கள். சில நேரம் அது சரி, சில நேரம் பசியின் அடையாளம்.

இவ்வளவு சொன்னாலும், உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு இருப்பது இதுதான் என்று என்னால் முடிவாகச் சொல்ல முடியாது. மற்றக் காரணங்களை விலக்கிய பிறகுதான் சக்திப் பற்றாக்குறையால் நின்றது என்று சொல்ல வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைக் கேட்கலாமா என்று கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் இதைத்தான் முதலில் செய்கிறோம். பிறகு ரத்தத்தில் ஹார்மோன் அளவுகள்: தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், பிட்யூட்டரி சினைப்பைக்கு அனுப்பும் எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையால். எஃப்எஸ்எச் மிக அதிகமாக இருந்தால் சினைப்பையே சீக்கிரம் ஓய்கிறது என்று பொருள், அது வேறு வழி. நம் ஊரில் காசநோய் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தாக்கிப் பீரியட்ஸை நிறுத்துவதும் உண்டு, அதையும் மனதில் வைத்திருப்போம். ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனை குழப்பிவிடும். அதனால் என்னென்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பிசிஓஎஸ் என்ற முடிவைப் பற்றி எனக்கு நிஜமாகவே கவலை இருக்கிறது. ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்னக் கட்டிகள் போலப் பல தெரிந்தால் உடனே பிசிஓஎஸ் என்று எழுதிவிடும் பழக்கம் பெருகிவிட்டது. அவை கட்டிகளே இல்லை, முதிராத முட்டைப் பைகள். உத்தரவு வராமல் தூங்கும் சினைப்பையிலும் அப்படியே தெரியும். இளம்பெண்களுக்குச் சாதாரணமாகவும் தெரியும். பிசிஓஎஸ் என்றால் பெரும்பாலும் ஆண் ஹார்மோன் கூடியிருக்கும், முகத்தில் முடி, விடாத பரு இருக்கும். பட்டினியால் நின்றதென்றால் எல்எச் குறைவாகவும் ஈஸ்ட்ரோஜன் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு, அப்போது பிரித்துப் பார்ப்பது கடினம். இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், பிசிஓஎஸ் உள்ள பலருக்குக் கொடுக்கும் அறிவுரை "எடையைக் குறை, சாதத்தைக் குறை, இன்னும் நட" என்பது. 47 கிலோவில் 80 கிலோமீட்டர் ஓடும் பெண்ணுக்கு அதைச் சொன்னால் நோயை வளர்த்துவிடுகிறோம்.

மாத்திரை போட்டதும் வந்த ரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பீரியட்ஸ் இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியதும் கர்ப்பப்பையின் உட்சுவர் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சினைமுட்டை வெளிவரவில்லை, மூளையின் உத்தரவு திரும்பவில்லை. மாதாமாதம் கருத்தடை மாத்திரை போட்டு ரத்தத்தை வரவைத்தால் வீட்டில் நிம்மதி கிடைக்கும்; உள்ளே பசி அப்படியே இருக்கும், எலும்பும் தேய்ந்துகொண்டிருக்கும். பீரியட்ஸை வரவைக்கவோ எலும்பைக் காக்கவோ மட்டும் கருத்தடை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பாட்டையும் பயிற்சியையும் சரிசெய்து பார்த்தும் வராவிட்டால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைக் கொஞ்ச காலம், இடையிடையே புரோஜெஸ்டிரோனோடு, கொடுப்பது உண்டு. பட்டை எலும்பு அடர்த்தியை உயர்த்தியது, மாத்திரை அந்த அளவுக்கு உயர்த்தவில்லை என்று 2019இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக வாங்கக் கூடாது.

எலும்பு விஷயத்தில்தான் கோச் சொல்வதை நான் அடியோடு மறுக்கிறேன். 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் பீரியட்ஸ் நின்ற வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்தார்கள். அவர்களின் சராசரி வயது 25. எலும்பின் அடர்த்தி 51 வயதுப் பெண்ணுக்கு இருக்கும் அளவில் இருந்தது. நாற்பது வருஷமாகத் தெரிந்த விஷயம் இது. வாழ்நாளுக்கான எலும்புச் சேமிப்பு பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடுகிறது, மிச்சம் இருபதுகளில் மெல்லச் சேர்கிறது. சேர்க்க வேண்டிய வயதில் நீங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2013இல் 17 வயதில் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் இறுதிப்போட்டி வரை போனவர். எடையைக் குறைக்கச் சொல்லி வந்த நெருக்கடியில் மூன்று வருஷம் பீரியட்ஸ் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019இல் அவரே வெளியே வந்து சொன்னார். ஆறு மாதம் பீரியட்ஸ் வராவிட்டால் எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் அளக்க வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு ஐந்து மாதம்தான், ஆனால் எலும்பு வலி இருப்பதால் இப்போதே எடுத்துவிடச் சொல்வேன். வைட்டமின் டி அளவையும் பாருங்கள்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை, சாப்பாடுதான் மருந்து. பீரியட்ஸ் ஒழுங்கில்லாத, உடற்பயிற்சி செய்யும் பெண்களை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021இல் வந்தது. நாளுக்குச் சராசரியாக 330 கலோரி கூடச் சாப்பிட்டவர்களுக்கு, பழையபடியே சாப்பிட்டவர்களைவிடப் பீரியட்ஸ் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் கூடியது. பயிற்சியை அவர்கள் நிறுத்தவில்லை. உங்கள் பற்றாக்குறை இதைவிடப் பெரியது. ஆனாலும் ஒரேயடியாக ஏற்றாமல் முதல் இரண்டு வாரம் 300, 400 கலோரி, பிறகு இன்னும் அவ்வளவு என்று ஏறுங்கள். மைதானத்துக்குப் போகுமுன் வெறும் டீயோடு போகாதீர்கள். இரண்டு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். ஓடி முடித்து அரை மணிக்குள் பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சி, ஒரு முட்டை. ஒன்பதரை இட்லிக்காகக் காத்திருக்க வேண்டாம். நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தம் சரியாக இருந்தாலும், ஓடிய பின் பல மணி நேரம் பசியோடு கிடப்பதும் ஹார்மோன்களைக் கெடுப்பதாகத் தெரிகிறது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள். ராத்திரி சப்பாத்தியோடு தயிர்சாதமும் சாப்பிடுங்கள். மாவுச்சத்தைக் கண்டு பயப்படுவதை விடுங்கள். நீண்ட தூரம் ஓடும் உடம்புக்கு அதுதான் முதல் எரிபொருள். கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, மீதிக்குப் பாலும் தயிரும்.

கால் சரியாகி ஓடத் திரும்பும்போது தூரத்தைக் கொஞ்சம் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். எடை ஏறும், ஏறத்தான் வேண்டும். பெரும்பாலும் பீரியட்ஸ் நின்றபோது இருந்த எடைக்கு அருகில், சிலருக்கு அதற்கு ஒன்றிரண்டு கிலோ மேலே, சுழற்சி திரும்புகிறது. எத்தனை நாளில் என்று கேட்டால் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். நடுவில் வெள்ளைப்படுதல் தெளிவாக, இழுத்தால் நீளும்படி வந்தால் அது நல்ல அறிகுறி, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. சாப்பிட நினைத்தும் சாப்பிட முடியவில்லை, ஒரு கவளம் கூடுதலானால் குற்ற உணர்ச்சி வருகிறது, கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது உங்கள் பிடிவாதம் இல்லை, சிகிச்சை உள்ள நோய்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்திப் பற்றாக்குறை பீரியட்ஸை நிறுத்தும் என்பதும், அப்படி நின்றால் எலும்பு பலவீனமாகும் என்பதும் உறுதி. 30 என்ற எல்லைக்கோடு அவ்வளவு உறுதியில்லை. பிற்கால ஆய்வுகளில் சிலருக்கு அதற்கு மேலேயே நின்றது, சிலருக்குக் கீழே போயும் நிற்கவில்லை. ஒரே விடுதியில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு ஒரே பயிற்சி செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் நிற்பதற்கு மரபணுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பரீட்சை, தூக்கமின்மை, வீட்டு நெருக்கடி இவற்றின் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று ஒருவருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. இழந்த எலும்பு ஓரளவு திரும்பும். முழுவதும் திரும்புமா என்பதில் நல்ல பதில் இல்லை, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அம்மாவின் பயத்துக்குப் பதில்: இந்தக் காரணத்தால் நிற்பது பெரும்பாலும் திரும்பிவிடும், திரும்பினால் கரு உண்டாவதற்குத் தடையில்லை. நின்றிருப்பதால் கர்ப்பமே ஆகாது என்றும் நினைத்துவிடக் கூடாது. நின்றது திரும்பும்போது, முதல் பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வெளிவந்துவிடும். கோச்சிடம் எலும்பைப் பற்றிச் சொல்லிக் கேட்கவில்லை என்றால் நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவின் முன்னணி இளம் நீச்சல் வீராங்கனைகளை 12 வாரம் கவனித்த ஒரு ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரே பயிற்சிதான். பீரியட்ஸ் ஒழுங்காக வந்தவர்கள் 400 மீட்டரில் 8 சதவீதம் வேகமானார்கள். ஹார்மோன் அடங்கிப்போனவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம் மெதுவானார்கள். பத்துப் பேரை மட்டும் பார்த்த சின்ன ஆய்வு, அதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் இந்தப் பற்றாக்குறையை ஒரு பிரச்சினையாக அறிவித்து, 2023 வரை திருத்தித் திருத்தி வழிகாட்டுதல் கொடுத்து வருகிறது. கோச் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவரைப் பயிற்றுவித்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த வாரமே ஒரு எலும்பு மருத்துவரையும் ஒரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். போகும்போது நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: கடைசியாக மாத்திரை இல்லாமல் தானாகப் பீரியட்ஸ் வந்த தேதி, இதுவரை போட்ட மாத்திரைகளின் பெயர், ஒரு வருஷத்தில் எடை மாறிய விதம், மூன்று நாள் சாப்பிட்டதும் ஓடியதும். "எவ்வளவு ஓடுறே, என்ன சாப்பிடுறே" என்று கேட்காமலேயே சீட்டு எழுத ஆரம்பித்தால், நீங்களே அந்தத் தாளை மேஜைமேல் வைத்துவிடுங்கள்.